அம்மா பாஸ்போர்ட்ல சர்நேம் இல்ல: ரோமுக்கு அஞ்சு ராத்திரி போய்ட்டு வந்த கதை

2024 ஜூன் 27ல இருந்து ஜூலை 2 வரைக்கும், அஞ்சே ராத்திரி, அம்மாவும் நானும் மட்டும். அம்மாவுக்கு 66 வயசு, ரிட்டயர்டு டீச்சர், சாகுறதுக்குள்ள ராயப்பர் கோயில, அதாவது வத்திக்கான்ல இருக்குற புனித பேதுரு பேராலயத்த, ஒரு தடவ பாக்கணும்னு அப்பா இருந்தப்போலேர்ந்து சொல்லிட்டே இருப்பாங்க. டிக்கெட், ஹோட்டல் எல்லாம் ஒரே சாயங்காலத்துல முடிஞ்சுது. எங்கள ரெண்டரை மாசம் ஆட்டி வச்சது அம்மா பாஸ்போர்ட்ல காலியா இருந்த அந்த சர்நேம் கட்டம்தான். நம்ம ஊர்ல பாதிப் பேருக்கு இந்தக் கட்டம் காலியாத்தான் இருக்கும், அதனாலதான் உக்காந்து எழுதுறேன்.

அம்மா பேரு ஆரோக்கியமேரி. கிவன் நேம்ல அது மட்டும்தான், சர்நேம்ல ஒண்ணும் இல்ல. ஸ்கூல் சர்டிபிகேட்ல இருந்த இனிஷியல் அப்பவே போயிடுச்சு. என் பாஸ்போர்ட் பின்னாடி எடுத்தது, அதுல அப்பா பேரு சர்நேமா இருக்கு, அதனால எனக்கு இந்தக் கஷ்டமே தெரியாது. ட்ராவல்ஸ்காரர் பிளைட் டிக்கெட்ல ரெண்டு கட்டத்துலயும் ஆரோக்கியமேரின்னே போட்டாரு, ஏர்லைன்ஸ் அப்படித்தான் கேக்குதுன்னாரு. இன்சூரன்ஸ் போட்டவர் அவராவே ஆரோக்கியமேரி சவரிமுத்துன்னு அப்பா பேர சேத்துட்டாரு. ஹோட்டல் புக்கிங்ல நான் அவசரத்துல வெறும் மேரின்னு அடிச்சிருக்கேன். ஆக மூணு பேப்பர்ல மூணு ஆளு. எனக்கு அப்போ அது தப்பாவே தெரியல.

முதல்ல துபாய்ல ரெண்டு நாள் இறங்கிட்டுப் போலாம்னு இருந்தோம். 2022 நவம்பர்லேர்ந்து ஒத்தப் பேரு மட்டும் இருக்குற பாஸ்போர்ட்டுக்கு அங்க விசிட் விசா கெடையாதுன்னு தெரிஞ்சதும் அத விட்டுட்டோம். அப்பவே எனக்கு உறைச்சிருக்கணும்.

இத்தாலி விசாவுக்கு ஏப்ரல் கடைசில சென்னையில அப்பாயின்ட்மென்ட். திருச்சியில மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் ஏறி, விடியக்காலம் எழும்பூர்ல இறங்கி, வெயிட்டிங் ஹால்லயே குளிச்சு, அம்மா புதுப் புடவை கட்டிக்கிட்டு, ரெண்டு இட்லி சாப்பிட்டுட்டு 9:30க்கு சென்டர் வாசல்ல நிக்கிறோம். பைல்ல எல்லாம் அடுக்கி வச்சிருக்கேன்: பென்ஷன் ஆர்டர், ஆறு மாச பேங்க் ஸ்டேட்மென்ட், அம்மா செலவ நான் பாத்துக்குறேன்னு லெட்டர், என் பர்த் சர்டிபிகேட், 30,000 யூரோவுக்குக் கொறையாத இன்சூரன்ஸ். கவுன்ட்டர்ல இருந்த பொண்ணு இன்சூரன்ஸையும் பாஸ்போர்ட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுட்டு, "இதுல சவரிமுத்துன்னு இருக்கே, இது யாரு?"ன்னுச்சு. எங்கப்பாங்க, கடைசிப் பக்கத்துல ஸ்பவுஸ் நேம் பாருங்க, அங்கயே இருக்குன்னேன். "லாஸ்ட் பேஜெல்லாம் நாங்க பாக்க மாட்டோம் மேம், பேரு மேட்ச் ஆகணும்"னு சொல்லிட்டு, ஸ்டேட்மென்ட்ல பேங்க் சீல் வேற இல்லன்னு சேத்து சொல்லி, மொத்த பைலையும் தள்ளி வச்சுட்டு அடுத்த டோக்கனக் கூப்பிட்டுடுச்சு. ஒரே ஒரு பக்கம் திருப்பிப் பாத்திருக்கலாம். கையிலதான் பாஸ்போர்ட் இருந்துச்சு.

வெளிய வந்து இன்சூரன்ஸ்காரருக்குப் போன போட்டேன், பாவம் அவர் அரை மணி நேரத்துல திருத்தி மெயில் அனுப்பிட்டாரு, பக்கத்து ஜெராக்ஸ் கடையில பிரின்ட் எடுத்து, அம்மா அக்கவுன்ட் இருக்குற பேங்க்கோட சென்னை பிராஞ்ச் ஒண்ணுக்கு ஆட்டோ புடிச்சு, ஹோம் பிராஞ்ச்லதான் சீல் போடணும்னு அவங்க சொல்ல, நான் கெஞ்ச, மேனேஜர் பாத்துட்டு சரி போடுங்கன்னு சொல்லி அதுவும் வாங்கிட்டு 12 மணிக்குத் திரும்பி ஓடி வர்றோம், ஸ்லாட் டைம் முடிஞ்சுதுன்னு செக்யூரிட்டி உள்ளயே விடல. அம்மா அந்த ப்ளாட்பாரத்துல உக்காந்து கால நீவி விட்டுக்கிட்டு, "விடுடி, ராயப்பரு அழைச்சா போவோம்"னாங்க. எனக்குத் தொண்டை அடைச்சுது. சாயங்காலம் பல்லவன் எக்ஸ்பிரஸ்ல திரும்பி வந்துட்டோம்.

அடுத்த ஸ்லாட் கெடைக்க 17 நாள் ஆச்சு. சம்மர்ல போறவங்க ஜனவரி பிப்ரவரியிலயே விசா வேலைய ஆரம்பிச்சுடுங்க, பயணத்துக்கு ஆறு மாசம் முன்னாடியே அப்ளை பண்ணலாம், நான் அது தெரியாம ஏப்ரல் வரைக்கும் உக்காந்திருந்தேன். ரெண்டாவது தடவ வேற ஆளு, 20 நிமிஷத்துல வாங்கிக்கிட்டாரு. கைரேகை மட்டும் அம்மாவுக்கு ஏறவே மாட்டேங்குது, 34 வருஷம் சாக்பீஸ் புடிச்ச விரலு, ரேகையே தேஞ்சு கெடக்கு. அந்த அண்ணன் பொறுமையா ஈர டிஷ்யூ குடுத்துத் தொடைக்கச் சொல்லி, அவரே மெதுவா விரல அமுக்கிப் புடிச்சு அஞ்சாவது தடவ எடுத்துட்டாரு. இதுக்கு 59 மாசம் செல்லுபடி, அதுக்குள்ள திரும்பப் போனா பழைய ரேகையவே எடுத்துக்கலாம். பீஸ் நாங்க கட்டுனப்போ 80 யூரோ, ஜூன் 11லேர்ந்து 90 ஆயிடுச்சு. மே கடைசி வாரம் விசா வந்துடுச்சு.

இப்ப நான் யாரு கேட்டாலும் சொல்றது இதுதான். சர்நேம் காலியா இருந்தா மொதல்ல பாஸ்போர்ட்ட ரீ-இஷ்யூ பண்ணி பேரப் பிரிச்சுப் போட்டுக்கோங்க. டைம் இல்லன்னா, ஏர்லைன்ஸ் கேக்குறது டிக்கெட்டோட போகட்டும், மத்த எல்லாப் பேப்பர்லயும் பாஸ்போர்ட்ல இருக்குற பேரு அப்படியே, ஒரு எழுத்து கூடாம கொறையாம இருக்கணும். ஏஜென்ட் அடிக்கும்போது பக்கத்துலயே உக்காந்து பாருங்க.

அடுத்த அடி வத்திக்கான் மியூசியத்துல. சனிக்கிழம ஜூன் 29 போலாம்னு முடிவு பண்ணி வெப்சைட்ல தேடுறேன், அந்தத் தேதிய அழுத்தவே முடியல. வித்துப் போச்சு போலன்னு நெனச்சு, கேன்சல் ஆகுமான்னு நாலு நாள் காலைலயும் ராத்திரியும் பாத்துக்கிட்டே இருந்தேன். அஞ்சாவது நாள் அம்மா காப்பி கொண்டு வந்து வைக்கும்போது ஸ்க்ரீனப் பாத்துட்டு, "அன்னிக்கு ராயப்பர் சின்னப்பர் திருநாளாச்சே, எப்படித் தொறப்பாங்க?"ன்னாங்க. ஜூன் 29 பேதுரு, பவுல் பெருவிழா, ரோமுக்கே லோக்கல் லீவு, மியூசியம் மூடியிருக்கும். மொதல் நாளே அம்மாட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா நாலு நாள் மிச்சம். மறுநாள் 30ம் தேதி மாசத்தோட கடைசி ஞாயிறு, அன்னிக்கு மட்டும் ஞாயித்துக்கெழம தொறப்பாங்க, இலவசம், டிக்கெட்டே தேவையில்ல, ஆனா 12:30க்கு மேல உள்ள விட மாட்டாங்க, அந்த வெயில்ல அந்த க்யூவுல அம்மாவ நிறுத்த எனக்கு மனசு வரல. திங்கக்கெழம காலைக்கு 20 யூரோ, புக்கிங்குக்கு 5 சேத்து தலைக்கு 25 குடுத்து எடுத்தேன். அந்த அஞ்சு யூரோ முழுசா வொர்த்.

இன்னொண்ண நெனச்சாத்தான் இன்னும் வலிக்குது. 29ம் தேதி காலைல பாப்பரசரே பேராலயத்துக்குள்ள பூசை வைக்கிறாரு. அதுக்கு அனுமதிச் சீட்டு இலவசம், முன்கூட்டியே வத்திக்கானுக்கு எழுதிக் கேக்கணும். எனக்கு அது தெரிஞ்சது கெளம்புறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி. அம்மாட்ட இன்னிக்கு வரைக்கும் நான் சொல்லல. யாராவது வீட்டுப் பெரியவங்களக் கூட்டிட்டுப் போறதா இருந்தா, டிக்கெட் போட்ட கையோட எழுதிடுங்க. அந்தச் சீட்ட காசுக்குத் தர்றேன்னு எவனாவது சொன்னா நம்பாதீங்க.

ஏர்போர்ட்லேர்ந்து லியோனார்டோ எக்ஸ்பிரஸ், 14 யூரோ, 32 நிமிஷத்துல ரோமோட பெரிய ரயில்வே ஸ்டேஷன் டெர்மினி. ஹோட்டல்ல சிட்டி டாக்ஸ்னு தனியா கேப்பாங்க, த்ரீ ஸ்டாருக்கு ஆளுக்கு ஒரு ராத்திரிக்கு 6 யூரோ, எங்களுக்கு 60 வந்துச்சு, ரூம் காசுல அது சேராது, எடுத்து வச்சுக்கோங்க. தெருவெல்லாம் சின்னச் சின்னக் கருங்கல்லு பதிச்சது, சம்பியெத்ரினின்னு சொல்றாங்க, ராயப்பர் பேருலேர்ந்துதான் வந்த பேராம், முட்டி வலி இருக்குறவங்களுக்கு அதுல நடக்குறது ரொம்பக் கஷ்டம். பட்டையான செருப்ப ஊர்ல வச்சுட்டு நல்ல ஷூ போட்டுக் கூட்டிட்டுப் போங்க. அம்மா புடவைக்குக் கீழ ஸ்போர்ட்ஸ் ஷூ போட மாட்டேன்னு ஒரு நாள் அடம் புடிச்சாங்க, மறுநாள் அவங்களே எடுத்துப் போட்டுக்கிட்டாங்க. தண்ணி பாட்டில் காசு குடுத்து வாங்காதீங்க, நாசோனின்னு தெருவுக்குத் தெரு இரும்புக் குழா, 24 மணி நேரமும் ஜில்லுனு குடிதண்ணி கொட்டிக்கிட்டே இருக்கு. கீழ் ஓட்டைய விரலால அடைச்சா மேல இருக்குற சின்ன ஓட்டை வழியா பீச்சும், வாய் வச்சுக் குடிக்கலாம். அம்மா அதுல முகம் கழுவிட்டு, "நம்ம காவேரித் தண்ணி மாதிரி இருக்குடி"ன்னாங்க.

29ம் தேதி பகல்ல சதுக்கத்துல நின்னு ஜன்னல்ல பாப்பரசரப் பாத்தோம், தூரத்துல ஒரு வெள்ளைப் புள்ளி, அம்மாவுக்கு அதுவே போதும்னு ஆயிடுச்சு. சாயங்காலம் க்யூ கொறைஞ்சு பேராலயத்துக்குள்ள போறோம், தோளும் முட்டியும் மூடலன்னு எங்க முன்னாடி ஒரு குடும்பத்தையே நிறுத்திட்டாங்க, புடவைய யாரும் ஒண்ணும் கேக்கல. நடுவுல சிற்பி பெர்னினி செஞ்ச அந்தப் பெரிய வெண்கலக் கூடாரம் 29 மீட்டர் ஒசரம், அதப் பாக்கத்தான் நான் ரொம்ப ஆசப்பட்டேன். 2025 ஜூபிலி புனித ஆண்டுக்காக சரி பண்றாங்கன்னு மேலேர்ந்து கீழ வரைக்கும் சாரம் கட்டி மூடி வச்சிருந்தாங்க. எனக்கு அழுகையே வந்துடுச்சு. ஆனா அம்மா அதத் திரும்பிக்கூடப் பாக்கல. வலது பக்கம் ராயப்பரோட வெண்கலச் சிலை, வருஷத்துல இந்தத் திருநாளுக்கு செகப்பு அங்கியும் கிரீடமும் போட்டு அலங்காரம் பண்ணுவாங்க, அந்தக் கோலத்துல உக்காந்திருக்காரு. நூத்துக்கணக்கான வருஷமா ஜனங்க தொட்டுத் தொட்டு, முத்தி முத்தி அந்த வலது கால் விரலெல்லாம் தேஞ்சு ஒண்ணா வழவழன்னு ஆயிடுச்சு. அம்மா தன்னோட விரல ஒரு தடவ பாத்துக்கிட்டாங்க. அப்புறம் அரை மணி நேரம் அங்கேர்ந்து நகரவே இல்ல. அந்தத் தேதில போனதுக்கு மியூசியம் மூடுனதெல்லாம் ஒரு நஷ்டமே இல்ல.

ஞாயித்துக்கெழம சாயங்காலம் கொலோசியம். டிக்கெட் 30 நாளுக்கு முன்னாடிதான் தொறக்கும், 18 யூரோ. 2023 அக்டோபர்லேர்ந்து ஒவ்வொரு டிக்கெட்லயும் பேரு போட்டுத்தான் தர்றாங்க, வாசல்ல பாஸ்போர்ட்டோட ஒத்துப் பாப்பாங்க. மே 31 லேப்டாப்பும் போனும் வச்சுக்கிட்டு உக்காந்து, கண்ணு முன்னாடியே ஒவ்வொரு ஸ்லாட்டா சாம்பல் கலர் ஆகுது, அந்தப் பதட்டத்துல அம்மா சர்நேம் கட்டத்துல கை தானா சவரிமுத்துன்னு அடிச்சுடுச்சு. பணம் போனதுக்கு அப்புறம்தான் பாக்குறேன். எல்லாருக்கும் புத்தி சொன்ன நானே அந்தத் தப்பப் பண்ணிட்டேன். வேற டிக்கெட்டும் இல்ல. வெளி சைட்டுல மூணு மடங்கு சொன்னான்.

க்யூவுல நிக்கும்போதே எனக்கு வயித்தக் கலக்குது. வாசல்ல ஒரு வயசான ஆளு, கண்ணாடிய மூக்கு நுனில போட்டுக்கிட்டு, அம்மா பாஸ்போர்ட்ட வாங்கி, டிக்கெட்டப் பாத்தாரு, பாஸ்போர்ட்டப் பாத்தாரு, சர்நேம் கட்டத்துல விரல வச்சு என்ன நிமிந்து பாத்தாரு. நான் பேசுறதுக்கு முன்னாடி அம்மா கைய நீட்டி, அவங்களே பாஸ்போர்ட்டக் கடைசிப் பக்கத்துக்குத் திருப்பி, ஸ்பவுஸ் நேம்ல விரல வச்சு, "ஹஸ்பண்ட்"னாங்க. அவர் குனிஞ்சு, டிக்கெட்டையும் அந்த வரியையும் மாறி மாறிப் பாத்து, ஒவ்வொரு எழுத்தா கூட்டி, "சா-வா-ரி-மு-த்-து?"ன்னு சத்தமா வாசிச்சாரு. அம்மா தலைய ஆட்டுனாங்க. "ப்ரேகோ, சிஞ்ஞோரா"ன்னு கையக் காட்டி உள்ள விட்டுட்டாரு.

உள்ள போய் மேல் தளத்துல நிக்கிற வரைக்கும் அம்மா ஒண்ணும் பேசல. அப்புறம் கீழ குனிஞ்சு அந்த அரங்கத்தப் பாத்துக்கிட்டே, "உங்கப்பா பேர ரோமாபுரில ஒருத்தன் படிச்சுட்டான் பாத்தியாடி"ன்னாங்க.