வள்ளம் செய்த கை சறுக்கு செய்தபோது

யாழ்ப்பாணத்தில் கண்ணாடியிழை வள்ளங்கள் செய்யும் பட்டறையொன்றில் நான் பல ஆண்டுகள் வேலை செய்தேன். போர் ஓய்ந்து முன்பள்ளிகளும் பூங்காக்களும் மீண்டும் துளிர்த்த காலத்தில், சிறுவர் சறுக்குகள் செய்து தர முடியுமா என்று எங்களிடம் கேட்கத் தொடங்கினார்கள். மேடென்று சொல்ல ஒன்றும் இல்லாத குடாநாடு இது. சிறுவயதில் நான் அறிந்த ஒரே சரிவு மணற்காட்டின் மணற்குன்றுகள்தான். ஆகவே உயரம், சரிவு இரண்டையும் நாங்களே உண்டாக்க வேண்டியிருந்தது.

முதல் நாளே எங்கள் பெரியவர் ஒன்று சொன்னார்: "தம்பி, வள்ளத்துக்கு வெளிப்பக்கம் மினுங்கோணும், இதுக்கு உள்பக்கம் மினுங்கோணும். எல்லாத்தையும் மறுவளமா யோசி." வள்ளத்தின் அச்சு குழிவானது. அதில் மெழுகிட்டு, ஜெல்கோட் என்ற மேற்பூச்சைப் பூசி, அதன்மேல் கண்ணாடியிழையையும் ரெசின் என்ற பிசினையும் அடுக்கடுக்காக ஏற்றினால், அச்சைத் தொட்ட பக்கம் வழவழப்பாகவும் மறுபக்கம் நார் துருத்தியும் வரும். சறுக்கிலோ பிள்ளை அமர்வது உட்பக்கம் என்பதால், அச்சே குவிந்ததாக இருக்க வேண்டும். கேட்பதற்கு எளிய இந்தத் தலைகீழ் மாற்றம் கைக்குப் பழக இரண்டு மாதங்கள் ஆயின.

பொருத்துகளில் நான் தவறினேன். மேல்துண்டின் விளிம்பு கீழ்த்துண்டின்மேல் படிய வேண்டும், ஓடு வேய்வதைப் போல. நான் மாற்றிப் பொருத்தியதால், சோதித்துப் பார்க்க இறங்கிய இளைஞனின் காற்சட்டை பின்புறம் கிழிந்தது, பட்டறையே சிரித்தது. அதைவிடப் பெரிய பிழை முடிவிடத்தில் இருந்தது. சரிவையே பார்த்துக்கொண்டிருந்த நாங்கள், வேகம் எங்கே போய் அடங்கும் என்று எண்ணவில்லை. ஒரு சிறுமி முழங்காலைத் தேய்த்துக்கொண்டு மண்ணில் விழுந்த பிறகுதான் அடியில் தட்டைப் பகுதியை நீட்டினோம்.

அதன் பின்பே உலகத்துச் சறுக்குகளைப் பற்றிப் படித்தேன். ரஷ்யாவில் 17ஆம் நூற்றாண்டிலேயே மரச்சட்டங்களின்மேல் பனிக்கட்டி உறையவைத்து, 70 முதல் 80 அடி உயரத்திலிருந்து வழுக்கி இறங்கியிருக்கிறார்கள். 1817இல் பாரிஸில் சக்கர வண்டிகள் தடத்தைவிட்டு விலகாதபடி பிணைக்கப்பட்டு இறங்கின. பிரெஞ்சு மொழியில் ரோலர் கோஸ்டருக்கு இன்றும் 'ரஷ்ய மலை' என்றே பெயர். டொபோகன் என்ற சொல்லோ வட அமெரிக்கப் பழங்குடியினரின் பனிச்சறுக்குப் பலகையிலிருந்து வந்தது. பனியில்லாத இடத்தில் அந்த விளையாட்டை நடத்தக் கோபுரத்தைச் சுற்றிச் சுருள் சறுக்கு அமைத்து, அதையும் டொபோகன் என்றே அழைத்தார்கள். வியன்னாவின் பிராட்டர் பூங்காவில் 1913இல் மரத்தால் எழுந்த அத்தகைய கோபுரம் 1945இல் அழிந்து, 1947இல் மீண்டும் கட்டப்பட்டது. மியூனிக்கின் அக்டோபர் விழாவில் கோபுரத்துக்கு ஏறுவதே ஓடும் பட்டை ஒன்றின் மேல். சறுக்குபவர்களை விட, அதில் தடுமாறி விழுபவர்களைப் பார்க்கவே கூட்டம் கூடுகிறது. எங்கள் பட்டறைச் சிரிப்புக்கு நான் வெட்கப்பட்டிருக்கத் தேவையில்லை.

இங்கிலாந்தின் சுருள் சறுக்குகளில் தென்னந்தும்புப் பாயில் அமர்ந்து இறங்குவார்கள் என்று படித்தபோது வியந்தேன். தென்னை வளராத குளிர்நாட்டுக்குத் தும்பு கடல் கடந்து போயிருக்கிறது! 1970களில் பரவிய மலைச்சறுக்குகளிலோ, சிறு வண்டியில் அமர்ந்தவரின் கையிலேயே தடுப்பு நெம்புகோலைக் கொடுத்துவிட்டார்கள். வளர்ந்தவருக்கு அது பொருந்தலாம். நான்கு வயதுப் பிள்ளைக்கான தடுப்பு, சறுக்கின் வடிவத்திலேயே இருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

அப்படி நினைத்து நாங்கள் திருத்திச் செய்த சறுக்கு ஒன்றை, பங்குனி வெயிலில் ஒரு பிற்பகல் பார்க்கப் போனேன். சூடு ஆற வேண்டும் என்று ஒரு தாய் அதன்மேல் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினார். உலர்ந்த சறுக்கில் நாங்கள் அளந்து வைத்த தட்டைப் பகுதியை, நனைந்த சறுக்கில் வந்த பையன் ஒரே வழுக்கலில் கடந்து போய் மணலில் அமர்ந்தான். அவன் சிரித்துக்கொண்டே மறுபடி ஏணிக்கு ஓடினான். நான் பட்டறைக்குத் திரும்பி, அடுத்த அச்சில் அந்தப் பகுதியை இன்னும் ஓரடி நீட்டச் சொன்னேன்.