ஆம்னிக்கு ஆயில் ஃபில்டர் மாற்றினேன், ஒரே நாளில் இரண்டு தடவை

எங்கள் மாருதி ஆம்னி வேன் 2007 மாடல். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டிலும் எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னாலும் நின்றே பாதி ஆயுளைக் கழித்த வண்டி. மீட்டர் நகராது, ஆனால் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும், ஆயிலும் கறுத்துக்கொண்டே வரும். அதனால் கிலோமீட்டர் கணக்கை நான் நம்புவதில்லை. ஆயில் மாற்றியது ஞாபகம் இருக்கிறது, ஃபில்டரை எப்போது மாற்றினோம் என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. சரி, நாமே செய்து பார்ப்போம் என்று சனிக்கிழமை காலையில் இறங்கினேன். "ஊரே தலைக்கு எண்ணெய் தேய்ச்சுக் குளிக்குது, நீ வண்டிக்குத் தேய்க்கிறியா?" என்றார் அம்மா.

முன் டயர்களைக் கனமான மரப்பலகை மேல் ஏற்றி, பின் டயர்களுக்குச் செங்கல் கொடுத்து, ஹேண்ட்பிரேக் போட்டேன். ஐந்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டால் ஆயில் இளகிவிடும், சீக்கிரம் வடியும். ஆயிலை வடிக்கிற ட்ரெயின் நட் பிரச்சினை பண்ணவில்லை.

ஃபில்டர்தான் அசையவே இல்லை. ஸ்க்ரூடிரைவரால் குத்தித் திருப்பு என்பார்கள், எனக்கு அதில் இஷ்டமில்லை, தகரம் கிழிந்துவிட்டால் அப்புறம் பிடிக்கவே இடமிருக்காது. பழைய சைக்கிள் ட்யூபைச் சுற்றினேன், வழுக்கியது. கடைசியில் உப்புத்தாளைச் சொரசொரப்பு உள்பக்கம் இருக்கிற மாதிரி சுற்றிப் பிடித்துத் திருகினால் "கிரிக்" என்று கொடுத்தது, சூடான ஆயில் மணிக்கட்டில் தொடங்கி அக்குள் வரை ஒரே ஓட்டம்.

புது ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் விரலால் ஆயில் தடவி, கையாலேயே ஏற்றி, வளையம் தொட்டதும் இன்னொரு முக்கால் சுற்று. ஸ்பேனர் வேண்டாம். 20டபிள்யூ40 ஆயிலை ஊற்றி, டிப்ஸ்டிக்கில் அளவு பார்த்து, சாவியைத் திருப்பினேன். ஆயில் லைட் அணைந்தது. அணைந்த சந்தோஷம் அடங்குவதற்குள் கீழே குழாய் திறந்த மாதிரி சத்தம். ஆஃப் பண்ணுவதற்குள் வாசல் கோலத்தின் பாதி கறுப்பாகிவிட்டது.

எதிர்வீட்டு அண்ணன் எட்டிப் பார்த்தார். "இன்னா தம்பி, எண்ணெக் கிணறா?"

மறுபடி கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. நகத்தால் சுரண்டியபோதுதான் புரிந்தது: பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டு, தட்டையாகி, இரும்போடு இரும்பாக இருந்தது. அதன் மேலேயே புது வளையத்தை ஏற்றியிருக்கிறேன். வளையத்தின் மேல் வளையம் உட்கார்ந்தால் எஞ்சின் ஓடும்போது வருகிற அழுத்தத்தைத் தாங்காது, நழுவிவிடும். கழற்றிய ஃபில்டரைத் திருப்பி ஒரு பார்வை பார்த்திருந்தால் அதன் பள்ளம் காலியாக இருப்பது தெரிந்திருக்கும். பார்க்கவில்லையே.

உரித்தெடுத்து, பனியன் வேஸ்ட்டால் துடைத்து, அதே ஃபில்டரை மறுபடி ஏற்றினேன். சிந்தியதற்கு அரை லிட்டருக்கு மேலேயே ஊற்ற வேண்டியிருந்தது. வாசலில் மரத்தூள் கொட்டிக் கூட்டினேன், கறை போகவில்லை. வடித்த ஆயிலைக் கேனில் பிடித்து, தெருமுனை மெக்கானிக் அண்ணன் வைத்திருக்கிற பீப்பாயில் சேர்த்தாயிற்று, சாக்கடையில் விட்டால் பக்கிங்காம் கால்வாய்க்குத்தான் போகும்.

காசிமேடு வரை ஒரு நடை ஓட்டிவிட்டு, ராத்திரி வண்டிக்கு அடியில் அட்டை விரித்து வைத்தேன். காலையில் ஃபில்டருக்கு நேர்கீழே சுத்தம். ட்ரெயின் நட்டுக்குக் கீழே மட்டும் ஒரே ஒரு சொட்டு. அந்த நட்டுக்குப் பழைய வாஷரையே போட்டது நான்தான்.