எக்ஸ்போர்ட் கம்பெனி தேடும் ஆள்

திருப்பூரில் காதர்பேட்டை மொத்தச் சந்தைக்குச் சரக்கு போடும் பனியன் கம்பெனியில் இருந்துவிட்டுத்தான் எக்ஸ்போர்ட் கம்பெனிக்கு வந்தேன். இரண்டிலும் அதே ஓவர்லாக், ஃபிளாட்லாக் தையல் மெஷின்கள்தான். ஆனால் வேலைக்கு எடுக்கும்போது தேடுகிற ஆள் வேறு.

உள்ளூர்ச் சரக்கில் அளவு கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் வியாபாரியிடம் பேசி முடித்துக்கொள்ளலாம். எக்ஸ்போர்ட்டில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. 3000 பீஸ் ஆர்டர் என்றால் பையரின், அதாவது வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனியின், ஆள் வந்து 125 பீஸை உருவிப் பார்ப்பார், எத்தனை குறை வரை ஏற்கலாம் என்று சொல்லும் ஏக்யூஎல் அட்டவணையில் 2.5 கணக்குப்படி பெரிய குறை 7 வரை பாஸ், 8 ஆகிவிட்டால் மொத்த லாட்டும் ஃபெயில். திரும்பச் சரிபார்த்துக் கொடுப்பதற்குள் கப்பல் போய்விடும், அப்புறம் விமானச் செலவு கம்பெனி தலையில். அதனால்தான் குறை எந்த மெஷினில் ஆரம்பிக்கிறது என்று மதியத்துக்குள் கண்டுபிடித்துச் சொல்கிற ஆளுக்கு அவ்வளவு கிராக்கி.

ஊசி உடைந்தால் என்ன நடக்கும் தெரியுமா? அந்த மெஷின் அப்படியே நிற்கும். துண்டுகளையெல்லாம் தேடியெடுத்து, ரெஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்டி, நேரம் எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் புது ஊசி. ஒரு துண்டு கிடைக்காவிட்டாலும் பக்கத்திலுள்ள பீஸெல்லாம் மெட்டல் டிடெக்டருக்குப் போகும். குழந்தை போடுகிற துணி, அதில் ஊசிமுனை இருக்கவே கூடாது. இதைப் பொறுப்பாக எழுதிவைக்க ஒருவர், லேப் டிப்பில், அதாவது சாயம் போட்ட மாதிரித் துணியில், ஷேடு சரியா என்று பார்க்க ஒருவர், பையரின் மெயிலுக்கு அன்றன்றே பதில் போட மெர்ச்சண்டைசர். நான் முன்பு இருந்த கம்பெனியில் இதில் பாதி வேலை கிடையாது, மீதியை ஓனரே பார்த்துக்கொள்வார்.

ஏற்றுமதி வந்தால் எல்லாத் திறமைக்கும் மதிப்பு ஏறும் என்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். முழு பனியனையும் தானே தைக்கத் தெரிந்த டெய்லர் இங்கே நாள் முழுக்கத் தோள்பட்டை மட்டும் மூட்டுகிறார். சம்பளம் கூடுவது அளக்க, எழுத, ஆங்கிலத்தில் விளக்கத் தெரிந்தவர்களுக்குத்தான்.

எங்கள் செக்கிங் மேசையில் ஒரு அக்கா இருக்கிறார். தையல் விட்டுப்போனதையும் எண்ணெய்க் கறையையும் தரம் சோதிக்கிற க்யூசி பார்ப்பதற்கு முன்பே பிடித்துவிடுவார். ஏக்யூஎல் அட்டவணையையும் ரிப்போர்ட் எழுதுவதையும் யாராவது உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தால் அவரே நல்ல க்யூசி. கம்பெனியோ டிப்ளமா படித்த ஆள் கிடைக்கவில்லை என்று வெளியே தேடிக்கொண்டிருக்கிறது. அந்த இடத்துக்கு அக்காவைப் போடுங்கள் என்று மேனேஜரிடம் விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.