ஒரு நாள் பொறுத்திருக்கலாமா?

அண்ணன் போனை நீட்டியதுமே புரிந்துவிட்டது. சாக்லேட் கொதித்துக் குமிழ்விடுவது போன்ற அந்தப் பட்டை, ஒரே அடியிலிருந்து கிளம்பிய பல தண்டுகள். எங்கள் நர்சரித் தொட்டியில் இருக்கும் கன்று இல்லை, காட்டில் நிற்கும் வொல்லெமி பைன். ஆஸ்திரேலியப் பள்ளத்தாக்கு ஒன்றில் இயற்கையாக வளரும் அரிய மரம் அது. இடம் ரகசியம், யாரும் போகக் கூடாது.

"பூட்ஸை நல்லாக் கழுவிட்டுத்தான் இறங்கினேன், தம்பி. யார்கிட்டயும் சொல்லிடாத."

"அங்க எதுக்குண்ணா போனீங்க?"

"இத்தனை வருஷமா இதுங்களுக்குத் தண்ணி ஊத்துறேன். தாய்மரத்தை ஒரு தடவை பார்க்க வேண்டாமா?"

மறுநாள் மேலதிகாரியிடம் சொல்லிவிட்டேன். அண்ணனைத் தன்னார்வப் பணியிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

சொல்லாமல் எப்படி இருப்பது? காட்டில் முழுதாக முதிர்ந்த மரங்கள் நூறுகூட இல்லை. மரபணு வேறுபாடும் மிகக் குறைவு என்பதால், ஒரு நோய்க்கு ஒன்று பலியானால் மற்றவையும் பலியாகலாம். வேரை அழுகவைக்கும் ஃபைட்டோப்தோரா கிருமி 2005-லேயே அந்த இடத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. அது செருப்பில் ஒட்டிய சேற்றிலேயே பயணம் செய்யும். தண்ணீரில் கழுவினால் போதாது, கிருமிநாசினி வேண்டும். 2019-20 காட்டுத்தீயின்போது தீயணைப்பு வீரர்களை ஹெலிகாப்டரில் இறக்கி, நீர்ப்பாசனம் அமைத்துக் காப்பாற்றிய மரங்கள் இவை. அண்ணன் எங்கே, எப்போது கால் வைத்தார் என்று தெரிந்தால்தானே மண்ணைச் சோதிக்க முடியும்?

ஆனால் டேவிட் நோபிளும் நினைவுக்கு வந்துவிடுகிறார். தேசியப் பூங்கா ஊழியர்தான் என்றாலும், 1994 செப்டம்பரில் இரண்டு நண்பர்களோடு அந்தப் பள்ளத்தாக்கில் கயிறு கட்டி இறங்கியது சொந்த ஆசையில். அவர் போகாமல் இருந்திருந்தால் இந்த மரம் நமக்குத் தெரிந்தே இருக்காது. அதன் அறிவியல் பெயரில் 'நோபிலிஸ்' என்று இருப்பது அவருக்காகத்தான். அண்ணனை இழுத்ததும் அதே ஆசைதானே. அன்று யாருக்கும் எதுவும் தெரியாது, இன்று எல்லாம் தெரியும். வித்தியாசம் புரிகிறது, ஆனாலும் மனம் முழுதாக ஒப்பவில்லை.

புதுக் கன்று வளர்க்கக் கிளைத்துண்டு வெட்ட எனக்குக் கற்றுத்தந்தவர் அண்ணன்தான். பக்கக் கிளையிலிருந்து வெட்டி நட்டால் கன்று பக்கவாட்டிலேயே படர்ந்துகொண்டிருக்கும், நேராக மேலெழும் தளிராகப் பார்த்து எடுக்க வேண்டும். அண்ணன் விரலால் தொட்டே பிரித்துவிடுவார். இப்போது புதியவர்களுக்கு அதை நான் சொல்லித்தருகிறேன், அவர் அளவுக்கு வரவில்லை.

புகார் சொன்னதைப் பற்றி எனக்குக் குழப்பம் இல்லை. "நீங்களே போய்ச் சொல்லிடுங்கண்ணா" என்று ஒரு நாள் அவகாசம் கொடுத்திருக்கலாமோ என்பதுதான் உறுத்துகிறது. மறுத்திருந்தால்? அப்போதும் நான் போய்ச் சொல்லியிருப்பேன். அப்படியென்றால் அந்த ஒரு நாள் எதற்கு? மரத்துக்கு அதில் எந்தப் பயனும் இல்லை. அவருக்கு இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் அதையும் உறுதியாகச் சொல்ல வரவில்லை.