23:59:60 என்னும் விநாடியின் கணக்கு

2016 டிசம்பர் 31 அன்று, உலக நாடுகளின் கடிகாரங்களுக்கு அடிப்படையான யூடிசி நேரத்தில் 23:59:59 முடிந்ததும் 00:00:00 வரவில்லை. இடையில் 23:59:60 என்றொரு விநாடி வந்தது. இந்திய நேரப்படி அது 2017 ஜனவரி 1 காலை 5:29:60. 1972 முதல் இப்படிக் கூடுதலாகச் சேர்க்கப்பட்ட 27 லீப் விநாடிகளில் கடைசியாக வந்தது அதுதான்.

பன்னாட்டு அணு நேரமான டிஏஐ, சீசியம் அணுக் கதிர்வீச்சின் 9,19,26,31,770 அதிர்வுகளை ஒரு விநாடியாகக் கொண்டு இடையறாது எண்ணிச் செல்வதால், அதை இடைவெளியோ தாவலோ இல்லாத மெய்யெண் கோடாகவே கருதலாம். யூடிசியின் விநாடியும் அதே நீளமுடையதுதான். ஆனால் புவிச் சுழற்சியைக் காட்டும் யூடி1 நேரத்திலிருந்து அது 0.9 விநாடிக்கு மேல் விலகக்கூடாது என்பதால், டிஏஐக்கும் யூடிசிக்கும் உள்ள வேறுபாடு முழு எண்களாகத் தாவும் படிச்சார்பாக அமைந்துள்ளது. 1972 தொடக்கத்தில் 10 விநாடியாக இருந்த அந்த வேறுபாடு, 2017 முதல் 37.

இதில் ஒரு நுட்பம் உண்டு. 23:59:60 என்று எழுத இடமிருக்கும்வரை ஒவ்வொரு கணத்துக்கும் தனிப் பெயர் கிடைக்கிறது, குழப்பமில்லை. 1970 தொடக்கத்திலிருந்து விநாடிகளை எண்ணும், ஆனால் எல்லா நாளுக்கும் 86,400 விநாடிகளே என்று விதித்துக்கொண்ட போசிக்ஸ் கணினி நேரத்தில்தான் சிக்கல் எழுகிறது. அதன் சூத்திரத்தில் 23:59:60, அடுத்து வரும் 00:00:00 ஆகிய இரண்டுக்குமே 1483228800 என்ற ஒரே எண் கிடைப்பதால், அது ஒன்றுக்கு ஒன்றான சார்பாக இல்லாமல் போகிறது, எண்ணிலிருந்து கணத்தைத் திரும்பக் கண்டறியும் நேர்மாறும் இல்லை. 2000 ஜனவரி 1 நள்ளிரவிலிருந்து 2017 ஜனவரி 1 நள்ளிரவு வரை போசிக்ஸ் கழித்தல் 53,65,44,000 விநாடி என்று காட்டும். உண்மையில் கழிந்தது அதைவிட 5 விநாடி அதிகம். எனவே, கழித்துப் பார்க்கத் தகாத எண்ணைக் கால அளவு என்று அழைப்பதே பிழை என்பது என் உறுதியான கருத்து.

கடந்த காலத்துக்கேனும் லீப் விநாடிகள் எப்போது சேர்ந்தன என்ற அட்டவணை இருக்கிறது. வருங்காலத்துக்கு அதுவும் இல்லை. புவியின் சுழற்சி சீரற்றது என்பதால், லீப் விநாடி பற்றிய அறிவிப்பு ஏறத்தாழ ஆறு மாதங்களுக்கு முன்புதான் வெளியாகிறது. ஆகவே தொலைவிலுள்ள ஒரு தேதிக்கு இன்னும் எத்தனை விநாடி என்ற எளிய கேள்விக்கு, இன்றைய விதிப்படி, யூடிசியில் துல்லியமான விடை கிடையாது. டிஏஐயிலிருந்து எப்போதும் 19 விநாடி பின்தங்கியே ஓடும் ஜிபிஎஸ் நேரத்துக்கு இந்தத் தடை இல்லை.

அந்த 0.9 விநாடி வரம்பை 2035-க்குள் உயர்த்துவதென 2022-இல் எடைகள், அளவைகள் பொது மாநாடு முடிவெடுத்தது. அதன்பின் தாவல்கள் அரிதாகலாம். ஆனால் ஏற்கெனவே நிகழ்ந்த 27 தாவல்களின் அட்டவணை இல்லாமல் பழைய யூடிசித் தேதிகளைக் கழிக்க இயலாது.