எட்மண்ட் தங்கிப்போன இடம்: கிரீன்ஸ்டெட் மரக் கோயில்

இங்கிலாந்தில் புனித எட்மண்டைத் தேடிப் போகிறவர்கள் பெரும்பாலும் சஃபோக்கில் இருக்கும் பரி செயின்ட் எட்மண்ட்ஸ் நகரத்துக்குத்தான் போவார்கள். நாங்கள் போனது எசெக்ஸில் உள்ள கிரீன்ஸ்டெட் என்னும் சிற்றூருக்கு. அவருடைய உடல் வழியில் தங்கிப்போனதாகச் சொல்லப்படும் இடம் அது.

எட்மண்ட், இங்கிலாந்தின் கிழக்கே தனி அரசாக இருந்த கிழக்கு ஆங்கிலியாவின் அரசர். 869இல் டேனியர்கள், அதாவது கடல் கடந்து படையெடுத்து வந்த வைக்கிங்குகள், அவரைக் கொன்றார்கள். மரத்தில் கட்டி அம்பெய்து, தலையை வெட்டிக் காட்டில் எறிந்தார்கள் என்றும், அந்தத் தலையை ஓர் ஓநாய் காவல் காத்தது என்றும் சொல்வார்கள். பிறகு 1010 வாக்கில் மறுபடியும் டேனியர் படை வந்தபோது பரியில் இருந்த அவர் உடலை லண்டனுக்குக் கொண்டுபோய் வைத்தார்கள். 1013இல் திரும்பக் கொண்டுவரும் வழியில் ஆங்கர் ஊருக்கு அருகே தங்கினார்கள். அதன் நினைவாக ஒரு மரக் கோயில் அங்கே இன்னும் நிற்கிறது என்கிறது பரி மடத்தின் பழைய ஏடு ஒன்று.

கோயில் சின்னது. வெள்ளையடித்த பலகைக் கோபுரம்தான் முதலில் கண்ணில் படும். பக்கத்தில் போனால்தான் அந்தச் சுவர்கள். ஓக் மரத்தடிகளை நெடுக்காகப் பிளந்து, பட்டைப்புற வளைவு வெளியே தெரியும்படி, ஒன்றையொட்டி ஒன்றாக நட்டிருக்கிறார்கள். உள்பக்கத்தை வாய்ச்சியால் செதுக்கிச் சமப்படுத்தியிருக்கிறார்கள். தடிகளின் பக்கவாட்டில் காடி எடுத்து, இரண்டு தடிக்கும் நடுவே மெல்லிய ஓக் பட்டையைச் செருகிவிட்டால் காற்றும் மழையும் உள்ளே வராது. கன்னங்கரேலென்று, விரல் நுழையும் வெடிப்புகளோடு நிற்கும் அந்த மரத்தின் மேல் கை வைத்துத்தான் முதல் செபத்தைச் சொன்னேன். உள்ளே போகும்வரை பொறுக்கவில்லை.

இந்த மரங்கள் 845ஆம் ஆண்டைச் சேர்ந்தவை என்று முன்பு சொல்லிவந்தார்கள். அப்படியானால் எட்மண்டின் உடல் இதே சுவர்களுக்குள் இருந்திருக்கும். ஆனால் 1990களில் மர வளையங்களை மறுபடி ஆராய்ந்தபோது கடைசி வளையம் 1053 என்று தெரிந்தது. பட்டையை ஒட்டிய இளமரம் செதுக்கலில் போய்விட்டதால், அதற்கும் பத்து முதல் ஐம்பத்தைந்து ஆண்டுகள் கழித்து வெட்டியிருக்க வேண்டும் என்று கணக்கிட்டார்கள். ஆக, இது அவர் தங்கிய கட்டடம் இல்லை.

இதைக் கேட்டுச் சிலர் முகம் வாடிப்போகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நினைவாகக் கட்டியது என்றுதானே ஏடும் சொல்கிறது? 1960இல் பீடப் பகுதியைத் தோண்டியபோது இன்னும் பழைய இரண்டு மரக் கட்டடங்களின் தடயம் கிடைத்தது. மரம் மாறினாலும் இடம் மாறவில்லை.

இந்தப் பக்கம் நல்ல கட்டடக் கல் கிடைக்காது. காட்டில் ஓக், வயலில் சக்கிமுக்கிக் கல், காலடியில் களிமண், அவ்வளவுதான். நார்மன் காலத்தில் பீடப் பகுதியைச் சக்கிமுக்கிக் கல்லால் கட்டினார்கள். அதில் கொஞ்சம் அடிச்சுவரில் மிச்சம் இருக்கிறது. 1500 வாக்கில் அதன்மேல் செங்கல் வந்தது, கூரைக்கு ஓடு வந்தது. அப்புறம் 1848இல் ஒரு பெரிய திருப்பணி. தடிகளின் அடி ஈரத்தில் உளுத்துப்போயிருந்ததால் அந்தப் பகுதியை அறுத்தெடுத்துவிட்டு, செங்கல் மேடை கட்டி, மேலே ஓக் அடிச்சட்டம் வைத்து நிறுத்தினார்கள். பழைமை கெட்டது என்று குறைபடுகிறவர்கள் உண்டு. அறுக்காமல் விட்டிருந்தால் இன்று கை வைக்க என்ன இருந்திருக்கும்?

உள்ளே இருட்டு. கண் பழகக் கொஞ்சம் நேரமாகும். கூரையில் துருத்தி நிற்கும் ஜன்னல்கள் பிற்காலத்தில் வைத்தவை. வடக்குச் சுவரில் சின்னத் துவாரம் ஒன்று இருக்கிறது. தொழுநோயாளிகள் வெளியே நின்று திருப்பலி பார்த்த இடம் என்பார்கள். தீர்த்தத் தொட்டி இருந்த இடமாகத்தான் இருக்கும் என்பது இன்னொரு கருத்து, எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது. கோபுரத்து மணி ஒன்றில் 1618 என்று பொறித்திருக்கிறது. தொழிற்சங்கம் சேர்ந்ததற்காக ஆஸ்திரேலியாவுக்கு நாடுகடத்தப்பட்ட டோல்பட்டில் தொழிலாளர்களில் ஒருவரான ஜேம்ஸ் பிரைன், மன்னிப்புப் பெற்றுத் திரும்பியபின் 1839இல் எலிசபெத் ஸ்டான்ஃபீல்டை மணந்ததும் இங்கேதான். இன்று ஆங்கிலிக்கன் சபையின் ஆலயம் என்றாலும் கத்தோலிக்கர்களான நாங்கள் அமர்ந்து செபிக்க யாரும் தடை சொல்லவில்லை.

பரிக்கும் பிறகு போனோம். அங்கே மடத்துக்காக பார்னக்கிலிருந்து சுண்ணாம்புக் கல்லை வரவழைத்துப் பிரமாண்டமாகக் கட்டியிருந்தார்கள். 1539இல் மடத்தை மூடியதும் செதுக்கிய கல்லையெல்லாம் ஆளுக்கு ஆள் பெயர்த்துக்கொண்டு போய்விட, உள்ளே நிரப்பிய சக்கிமுக்கிக் கல் மட்டும் மொட்டையாக நிற்கிறது. எட்மண்டின் திருவுடல் எங்கே என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

போக நினைப்பவர்களுக்கு: லண்டன் சென்ட்ரல் லைன் ரயில் எப்பிங்கோடு நின்றுவிடும்; ஆங்கர் வரை ஓடியது 1994இல் நின்றுபோனது. எப்பிங்கிலிருந்து சாலை வழியாக ஆங்கர் (முழுப்பெயர் சிப்பிங் ஆங்கர்) போய், அங்கிருந்து எசெக்ஸ் வே நடைபாதையில் மேற்கே ஒரு மைல் நடக்க வேண்டும். மழை பெய்திருந்தால் பாதை முழுக்கச் சேறு, நல்ல காலணி அவசியம்.