ஓசூரில் துருவ ஒளி தெரியுமா?

சூரியப் புயல் எச்சரிக்கை வந்தாலே இந்தக் கேள்வியும் வந்துவிடுகிறது. தெரியாது. துருவ ஒளி என்பது புவியின் காந்தத் துருவங்களை ஒட்டிய வானில் மின்னும் வண்ண வெளிச்சம். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டுமோ புவியின் காந்த நடுக்கோட்டுக்கு மிக அருகே இருக்கின்றன. 2024 மே 10, 11-இல் வந்தது ஜி5, அதாவது உச்ச வகைப் புயல். அப்போதும் இந்தியாவில் லடாக்கின் ஹான்லே கேமராக்களில்தான் செந்நிறம் பதிவானது. 200 கிலோமீட்டருக்கு மேலே ஆக்சிஜன் அணுக்கள் உமிழும் 630 நானோமீட்டர் ஒளி அது. துருவ ஒளியின் பச்சை நிறம் அதற்கும் கீழே, 100 கிலோமீட்டரை ஒட்டி உண்டாவதால் தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு அடிவானத்துக்குள் மறைந்துவிடும். நம் ஊரில் இரவு மேகம் சிவந்தால் தெருவிளக்கைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

நமக்கு அடி விழுவது ஜிபிஎஸ்ஸில். மேல் வளிமண்டலத்தில் மின்னூட்டத் துகள்கள் நிறைந்த அயனி மண்டலம் கலங்கினால் சிக்னல் தாமதமாகி, சிதறும். நிலம் அளக்கும் டிஜிபிஎஸ் (துல்லிய ஜிபிஎஸ்) கருவி 'ஃபிக்ஸ்' (இடம் உறுதி) காட்டாமல் 'ஃப்ளோட்'டிலேயே (இன்னும் உறுதியாகவில்லை) நின்றால் அந்தப் புள்ளியைப் பதியாதீர்கள். சென்டிமீட்டர் துல்லியம் போய்விடும். இடம் ஏற்கெனவே துல்லியமாகத் தெரிந்த ஒரு அளவைக் கல்லில் மறுபடி வைத்துச் சரிபாருங்கள். மாந்தோப்பில் மருந்தடிக்கும் டிரோனையும் அன்று இறக்கி வைப்பதே நல்லது. சூரியன் மறைந்து நள்ளிரவு வரை நம் அட்சரேகையில் சாதாரண நாளிலேயே இந்த சிக்னல் தொல்லை அதிகம்.

புயல் எச்சரிக்கை வந்தால், புவிக் காந்தக் கலக்கத்தை 0 முதல் 9 வரை காட்டும் கேபி (Kp) எண் 7-ஐத் தாண்டுகிறதா, சூரியக் காற்றோடு வரும் காந்தப்புலத்தின் வடக்கு-தெற்குத் திசையைக் காட்டும் பிஇசட் (Bz) தெற்கே திரும்பி மைனஸில் நிற்கிறதா என்று பாருங்கள். பிஇசட் வடக்கே இருந்தால் பெரிய புயலும் பெரும்பாலும் பிசுபிசுத்துவிடும். புவியிலிருந்து சூரியன் பக்கமாக 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் எல்1 புள்ளியில்தான் பிஇசட்டை அளக்கிறார்கள், சூரியனை ஆராயும் நம் விண்கலம் ஆதித்யா-எல்1 இருப்பதும் அங்கேதான். அதனால் கிடைக்கும் அவகாசம் ஒரு மணி நேரத்துக்கும் குறைவு.

பார்க்க ஆசையா? கிரகணக் கண்ணாடி போட்டுப் பகலில் சூரியனைப் பாருங்கள். அந்த மே மாதப் புயலை அனுப்பிய கரும்புள்ளிக் கூட்டம் அப்படியே தெரிந்தது. எக்ஸ்ரே ஃபிலிம் மட்டும் வேண்டாம், கண் போய்விடும்.